வடசென்னையில் ஒரு அகில இந்திய ஓபன் செஸ் போட்டி: கடைசி போர்டிலிருந்து திட்டமிடுங்கள்

கேள்வி: "வியாசர்பாடி பக்கம் பல வருடங்களாக கேரம், கால்பந்துப் போட்டிகள் நடத்தி வருகிறோம். இந்த முறை தேசிய அளவில் ஒரு ஓபன் செஸ் போட்டி நடத்த ஆசை. எங்கிருந்து தொடங்குவது? எங்கள் பகுதி மக்களுக்கு செஸ் போட்டி பார்த்துப் பழக்கமில்லை. அவர்கள் இதை எப்படிப் பின்தொடர்வார்கள்?"

கேள்வியின் இரண்டாம் பாதியைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. போட்டி நடத்த வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் பரிசு எவ்வளவு, திறந்துவைக்க யாரைக் கூப்பிடலாம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் பெரம்பூர்க்காரன். சென்னையிலும் வெளியூர்களிலும் பல வருடங்களாக ஆர்பிட்டராக, அதாவது செஸ் நடுவராக, நின்றவன். ஒரு போட்டி நன்றாக நடக்கிறதா என்று பார்க்க பலமானவர்கள் ஆடும் முதல் போர்டுக்குப் போக மாட்டேன், கடைசி வரிசைக்குப் போவேன். 150-ஆவது போர்டில் முதல் தடவையாக ரேட்டிங் போட்டி (ஆட்டத் திறனைக் காட்டும் புள்ளிக்கான போட்டி) ஆட வந்திருக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு மேசை எட்டுகிறதா? பலகையில் வெளிச்சம் விழுகிறதா? கையைத் தூக்கினால் ஆர்பிட்டர் வருகிறாரா? வெளியே காத்திருக்கும் அம்மாவுக்கு அடுத்த ரவுண்டு எத்தனை மணிக்கு என்று தெரியுமா? முதல் பத்து போர்டில் ஆடுகிறவர்கள் எந்தக் கூடத்திலும் ஆடிப் பழகியவர்கள். நுழைவுக் கட்டணத்தில் பெரும்பகுதியைக் கட்டி போட்டியைத் தாங்குவது பின்வரிசைதான். அதனால் என் பதில் முழுக்க அங்கிருந்துதான் வரும்.

முதலில் பெயர். 'தேசிய சாம்பியன்ஷிப்' என்பது அகில இந்திய செஸ் கூட்டமைப்பு ஒரு மாநிலத்துக்கு ஒதுக்கித் தருவது. நாமாக நோட்டீஸில் அச்சடித்துக்கொள்ள முடியாது. நீங்கள் நடத்தப்போவது எந்த மாநிலத்துக்காரரும் பெயர் கொடுத்து ஆடக்கூடிய போட்டி, அதற்கு 'அகில இந்திய ஓபன், ஃபிடே ரேட்டிங் போட்டி' என்று பெயர் வைப்பது பொருத்தம். ஃபிடே என்பது உலக செஸ் கூட்டமைப்பு. சென்னை மாவட்டச் சங்கத்தில் தொடங்கி, மாநிலச் சங்கம், அகில இந்தியக் கூட்டமைப்பு வழியாக ஃபிடேயில் போட்டி பதிவாக வேண்டும். அந்தப் பதிவு இல்லாவிட்டால் ஆடிய ஆட்டம் எதுவும் ரேட்டிங்கில் சேராது. ரேட்டிங் இல்லாத போட்டிக்குக் கேரளாவிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ யாரும் ரயிலேற மாட்டார்கள். ஆகவே மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே சங்கத்தாரைப் பார்த்துவிடுங்கள். அதே தேதியில் பக்கத்து மாவட்டத்தில் வேறு போட்டி இருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். கிராண்ட்மாஸ்டர் நார்ம், இன்டர்நேஷனல் மாஸ்டர் நார்ம் (அந்தப் பட்டங்களுக்கான தகுதி) கிடைக்கும்படி நடத்த வேண்டும் என்று யாராவது ஆசை காட்டினால் முதல் வருடம் அதைத் தொடாதீர்கள். அதற்கு வெளிநாட்டு வீரர்களும் பட்டம் பெற்றவர்களும் போதிய எண்ணிக்கையில் வர வேண்டும். அவர்களைத் தங்கவைத்துச் சாப்பாடு போடும் செலவில் உங்கள் பகுதிப் பிள்ளைகள் அத்தனை பேரையும் இலவசமாக ஆடவைத்துவிடலாம்.

தேதிதான் பாதி போட்டி. நம் பக்கத்தில் 300 பேர் உட்கார்ந்து ஆடும் கூடம் என்றால் பள்ளிக்கூடம், இல்லையென்றால் கல்யாண மண்டபம். முகூர்த்த மாதங்களில் மண்டபம் தொடர்ச்சியாக ஐந்து நாள் கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை கட்டுப்படியாகாது. கல்யாணம் இல்லாத மாதங்கள் ஆடியும் மார்கழியும். ஆடியில் வாடகை இறங்கிவிடும். ஆனால் ஆடியில் வடசென்னையில் எந்தத் தெருவில் அம்மனுக்குக் கூழ் வார்க்கவில்லை? கூம்பு ஒலிபெருக்கி கட்டினால் இரவு வரை பாட்டுதான். அது அந்தத் தெருவின் திருவிழா, நிறுத்தச் சொல்வது நியாயமும் இல்லை. பள்ளிக்கூடமும் அப்போது நடந்துகொண்டிருக்கும். மார்கழிதான் சரி. அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுகிற விடுமுறையும் மார்கழியும் டிசம்பர் கடைசி வாரத்தில் ஒன்றாக வருகின்றன. திருப்பாவை ஒலிபெருக்கியும் காலை ஏழு மணிக்குள் அடங்கிவிடும். மழை பெரும்பாலும் டிசம்பர் நடுவோடு தணியும். முழுக்க நம்ப முடியாதுதான், கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வியாசர்பாடி எப்படித் துண்டாகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் சுரங்கப்பாதை வழியே மட்டும் வந்து சேரக்கூடிய இடத்தை எடுக்காதீர்கள். வெளியூர் ரயில்கள் பலவும் பெரம்பூரில் நிற்கின்றன. அங்கிருந்து ஆட்டோவில் பத்து நிமிடத்தில் வரக்கூடிய இடமாக இருந்தால் பெட்டியோடு வந்து இறங்கும் குடும்பங்கள் உங்களை வாழ்த்தும்.

மண்டபத்தைப் பார்க்கப் போகும்போது ஒரு செஸ் போர்டைக் கையில் எடுத்துப் போங்கள். போட்டிக்கான பலகையில் ஒரு கட்டம் ஐந்திலிருந்து ஆறு சென்டிமீட்டர், மொத்தப் பலகை கிட்டத்தட்ட அரை மீட்டர். பந்தி மேசைகள் பல இடங்களில் அதைவிடக் குறுகலானவை, வரிசையாக இலை போடுவதற்குச் செய்தவை. பலகையை வைத்தபின் ஸ்கோர்ஷீட் (நகர்த்தல்களைக் குறிக்கும் தாள்) எழுத இடம் இருக்காது. பிள்ளைகள் மடியில் வைத்து எழுதுவார்கள், பேனா தவறிக் காயில் விழும். இரண்டு பந்தி மேசைகளை ஒட்டிப் போட்டு மேலே துணி விரித்தால் இந்தச் சிக்கல் தீரும். அப்புறம் மின்விசிறி. நேர் கீழே போர்டு இருந்தால் ஸ்கோர்ஷீட் பறக்கும். கழிவறையை நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள், பெண்களுக்கான கழிவறையை உங்கள் வீட்டுப் பெண்கள் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். நான்கு மணி நேரம் ஓடும் ஆட்டத்தின் நடுவில் கழிவறையில் தண்ணீர் இல்லை என்று அழுதுகொண்டே திரும்பி வந்த ஒரு சிறுமியைப் பார்த்திருக்கிறேன். அன்று அவள் தோற்றதற்கு யார் பொறுப்பு என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

அடுத்தது நேரக் கணக்கு. இதைப் பொறுமையாகப் போட்டுப் பாருங்கள், ஐந்து நாளும் இதன் மேல்தான் நிற்கும். ஆளுக்கு 90 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி கூடுதல் என்பது நம் ஓபன் போட்டிகளில் வழக்கமான அளவு. 60 நகர்த்தல் ஆடினால் அந்த 30 விநாடிகள் சேர்ந்து அரை மணி நேரம் ஆகின்றன. ஆளுக்கு 120 நிமிடம், ஆக ஒரு ஆட்டம் நான்கு மணி நேரம். 80 நகர்த்தல் போனால் நான்கு மணி இருபது நிமிடம். காலை 9 மணிக்குத் தொடங்கிய ரவுண்டில் கடைசி ஆட்டம் 1.20-க்கு முடியும். அதன்பின் முடிவுகளைச் சரிபார்த்து அடுத்த பேரிங் (யார் யாரோடு ஆடுவது என்ற பட்டியல்) போட அரை மணி நேரம், கடைசியாக எழுந்த பிள்ளை சாப்பிட ஒரு மணி நேரம். அடுத்த ரவுண்டை 3 மணிக்கு முன் வைக்கவே கூடாது. அது 7.20 வரை போகும். ஒன்பது ரவுண்டு என்றால் நான்கு நாள் இரண்டிரண்டு, ஐந்தாம் நாள் காலை ஒன்று, மதியம் பரிசளிப்பு. ஒரே நாளில் மூன்று ரவுண்டு வைத்து நான்கு நாளில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால், மண்டப வாடகை மிச்சமாகும்தான், மூன்றாவது ரவுண்டில் குழந்தைகள் போர்டின் மேலேயே தூங்கிவிழுவார்கள். நேரத்தைக் குறைப்பதற்கும் எல்லை இருக்கிறது. 2400 அல்லது அதற்கு மேல் ரேட்டிங் உள்ள ஒருவர் ஆடினாலும், அந்த ஆட்டம் ரேட்டிங்கில் சேர ஆளுக்கு 60 நகர்த்தல் கணக்கில் 120 நிமிடமாவது இருக்க வேண்டும் என்பது ஃபிடே விதி.

இந்தக் கணக்கெல்லாம் முதல் நாளே உடைந்துபோகும் இடம் ஒன்று உண்டு, அது ஸ்பாட் என்ட்ரி, போட்டியன்று நேரில் வந்து பெயர் கொடுப்பது. ஒரு வெளியூர்ப் போட்டியில் நான் துணை ஆர்பிட்டர். காலை 10 மணி ரவுண்டுக்கு 11 மணி வரைக்கும் பெயர் சேர்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு புதுப் பெயருக்கும் பட்டியலை மாற்றி, பேரிங்கைக் கிழித்து, மறுபடி அச்சடித்து, கடைசியில் ரவுண்டு தொடங்கியபோது மணி ஒன்று. சாப்பிடப் போகலாமா, உட்காருவதா என்று தெரியாமல் நூற்றுக்கணக்கான குழந்தைகள் வெயிலில் நின்றார்கள். அன்றைய இரண்டாவது ரவுண்டு இரவு ஒன்பதரைக்கு முடிந்தது. எனவே பதிவு போட்டிக்கு இரண்டு நாள் முன்பே முடிந்துவிட வேண்டும், எவ்வளவு பெரிய இடத்துச் சிபாரிசு வந்தாலும் சரி. பெயர் கொடுத்த எல்லோரும் போட்டிக்கு முந்தின நாள் மாலைக்குள் நேரிலோ போனிலோ வருகையை உறுதி செய்ய வேண்டும். உறுதி செய்யாதவர் முதல் ரவுண்டு பேரிங்கில் வரக் கூடாது. இது கறாராகத் தெரியலாம். ஆனால் எதிராளி வராமல் கிடைக்கும் ஒரு பாயின்ட் ரேட்டிங்கில் சேராது. ஆந்திராவிலிருந்து ஒரு இரவு முழுக்கப் பயணம் செய்து வந்த பையன் காலி நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்திருப்பது அவனுக்கு நஷ்டம்தான். எவ்வளவு தாமதமாக வந்தால் ஆட்டம் போகும் என்பதையும் நோட்டீஸிலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால் விதிப்படி அந்தச் சலுகை நேரம் பூஜ்யம், கடிகாரம் ஓடத் தொடங்கும்போது நாற்காலியில் இல்லாதவர் தோற்றவர்.

கேரமிலும் கால்பந்திலும் நீங்கள் நாக்-அவுட் நடத்தியிருப்பீர்கள். செஸ் ஓபன் ஸ்விஸ் முறையில் நடக்கும். 1895-இல் சூரிச் நகரில் நடந்த போட்டியில் முதலில் கையாண்டதால் அந்தப் பெயர். யாரும் வெளியேற மாட்டார்கள், எல்லா ஆட்டமும் தோற்றவரும் ஒன்பது ரவுண்டும் ஆடுவார். ஒவ்வொரு ரவுண்டிலும் ஒரே அளவு பாயின்ட் வைத்திருப்பவர்கள் மோதுவார்கள், ஒரு முறை மோதியவர்கள் மறுபடி மோத மாட்டார்கள், வெள்ளையும் கறுப்பும் கூடியவரை மாறி மாறி வரும். முதல் ரவுண்டில் ரேட்டிங் வரிசையை இரண்டாகப் பிரிப்பார்கள். 300 பேர் என்றால் முதலாமவருக்கு 151-ஆமவர், இரண்டாமவருக்கு 152-ஆமவர். இதையெல்லாம் கணினி போட்டுவிடும், ஸ்விஸ்-மேனேஜர் என்ற மென்பொருளைத்தான் நம்மூரில் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். 'என் பையனுக்கு மட்டும் ஏன் கஷ்டமான ஆள்' என்று கேட்டு வரும் அப்பாவிடம், 'சார், அவன் ஜெயித்துக்கொண்டே வருகிறான், அதனால்தான்' என்று நான் சொல்லும்போது அவர் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும்!

பேரிங் எல்லோருடைய போனிலும் வந்துவிடும்தான். இருந்தாலும் சுவரில் ஒட்டுங்கள். போர்டு எண் வரிசையில் ஒன்று, பெயர் அகர வரிசையில் ஒன்று, இரண்டையும் இரண்டு பிரதிகளாக ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி ஒட்ட வேண்டும். ஒரே இடத்தில் ஒட்டினால் உயரமானவர்கள் முன்னால் நிற்பார்கள், குழந்தைகள் இடுக்கில் புகுந்து மூச்சுத் திணறுவார்கள்.

150 போர்டுக்குத் தலைமை ஆர்பிட்டரையும் சேர்த்துப் பத்துப் பேராவது வேண்டும் என்பது என் கணிப்பு. செலவைக் குறைக்க இதில் கை வைக்காதீர்கள். முன்வரிசையை விடப் பின்வரிசையில்தான் அதிகம் பேரை நிறுத்துவேன், தகராறு வருவது அங்கேதான். விதிக்குப் புறம்பான நகர்த்தலை ஆடிக் கடிகாரத்தை அமுக்கிவிட்டால் முதல் தடவை எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடும், இரண்டாவது தடவை ஆட்டமே போய்விடும். இது தெரியாமல் தோற்கும் குழந்தைகள் ஏராளம். காயைத் தொட்டால் அதைத்தான் நகர்த்த வேண்டும். ராஜாவைக் கோட்டைக்குள் கொண்டுபோகும்போது முதலில் ராஜாவைத்தான் தொட வேண்டும். பையில் போன் ஒலித்தால் ஆட்டம் போகும், ஸ்மார்ட் வாட்சுக்கும் இதே கதி. வாசலிலேயே டோக்கன் கொடுத்து இவற்றை வாங்கி வையுங்கள். ரவுண்டு தொடங்குமுன் இந்த நான்கு விஷயங்களையும் மைக்கில் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஐந்து நாளும் சொல்லுங்கள், இந்தி தெரிந்த ஒருவர் கூட இருந்தால் அதிலும்.

பிள்ளைகள் தடுமாறும் இன்னொரு இடம் எழுதுவது. 30 விநாடி கூடுதல் உள்ள ஆட்டத்தில் கடைசி நகர்த்தல் வரை எழுதியாக வேண்டும். வீட்டில் நன்றாக ஆடும் பிள்ளைகள் பலருக்கு இது பழக்கமில்லை. உங்களுக்கு ஒரு மகிழ்ச்சியான செய்தி: காய்களின் பெயரை அவரவர் நாட்டு வழக்கப்படி சுருக்கி எழுதலாம் என்று ஃபிடே விதியே சொல்கிறது. குதிரைக்குக் 'கு', யானைக்கு 'யா', மந்திரிக்கு 'ம' என்று ஒரு பிள்ளை எழுதினால் அது செல்லும். ராஜாவும் ராணியும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் அவற்றுக்கு மட்டும் 'ஜா', 'ணி' என்று எழுதச் சொல்லித்தரலாம். கட்டங்களின் பெயர் மட்டும் எல்லோருக்கும் பொதுவான எழுத்தும் எண்ணும்தான். பழகப் பழக ஆங்கில எழுத்துக்கு மாறிக்கொள்வார்கள். ஆங்கிலம் வராது என்ற பயத்தில் ஒரு பிள்ளையும் வாசலில் நின்றுவிடக் கூடாது.

சரி, பணம். ஒரு கணக்குக்காக ஆளுக்கு 2,000 ரூபாய், 300 பேர் என்று வைப்போம், 6 லட்சம். மண்டபம், ஆர்பிட்டர்களின் ஊதியமும் சாப்பாடும், சங்கங்களுக்கும் ரேட்டிங்குக்கும் கட்ட வேண்டிய கட்டணம், அச்சு, ஜெனரேட்டர் எல்லாம் போக மீதியும் ஸ்பான்சர் பணமும் பரிசு. காயையும் கடிகாரத்தையும் வீரர்களே கொண்டுவர வேண்டும் என்று நோட்டீஸில் போடுவது நம் நாட்டில் வழக்கம்தான். ஆனாலும் பயிற்சி மையங்களிடம் 40 கடிகாரமாவது வாடகைக்கு எடுத்து வையுங்கள், கடிகாரம் வாங்க முடியாத பிள்ளை இரவல் கேட்டுக் கூச்சப்பட வேண்டாம். கையில் வராத ஸ்பான்சர் பணத்தை நம்பிப் பரிசுத் தொகையை அச்சடிக்கவே கூடாது. வாக்குக் கொடுத்தவர் கடைசி நாளில் போனை எடுக்காமல் போனதும், மேடையில் அறிவித்த பரிசு மாதக்கணக்கில் வராமல் போனதும் நான் கண்ணால் பார்த்தவை. அங்கே ஆடியவர்கள் அந்த ஊர்ப் பக்கம் திரும்பவே இல்லை.

முதல் பரிசை ஒரு லட்சம் குறைத்தால் என்ன ஆகும் என்று உங்கள் குழுவில் உட்கார்ந்து பேசுங்கள். ஒருசில பெரிய ஆட்டக்காரர்கள் வராமல் போகலாம். அந்த ஒரு லட்சத்தில், 2,000 ரூபாய் கணக்கில், 50 பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லாமல் இடம் கொடுக்கலாம். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, காசிமேடு, தண்டையார்பேட்டை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆசிரியர்களிடம் கேட்டால் செஸ் போர்டைச் சுற்றி உட்காரும் பிள்ளைகள் யார் என்று உடனே சொல்வார்கள். போட்டிக்கு இரண்டு மாதம் முன்பிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர்களைக் கூப்பிட்டுக் கடிகாரத்தோடு ஆடவும் எழுதவும் பழக்குங்கள். ஒன்பது ஆட்டமும் தோற்றால் மனம் உடையாதா என்று கேட்பீர்கள். ஸ்விஸ் முறையில் தோற்கத் தோற்க எதிராளியும் தன் அளவுக்கு வந்துவிடுவார், நான்காம் ஐந்தாம் ரவுண்டிலிருந்து இந்தப் பிள்ளைகள் ஜெயிக்கத் தொடங்குவார்கள். பார்த்துக்கொண்டே இருங்கள்.

திறமை இந்தப் பக்கம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பெண். பிரக்ஞானந்தாவும் வைஷாலியும் வளர்ந்த பாடி, வில்லிவாக்கத்துக்கு அடுத்த ஊர். செஸ் சென்னையில் வேர்விட்டதற்கு ஒரு காரணம் கூடி ஆட இடம் இருந்தது. இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரான மானுவேல் ஆரோன் 1972-இல் சோவியத் பண்பாட்டு மையத்தில் தொடங்கிய தால் செஸ் கிளப்பில்தான் சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் ஆடிப் பழகினார். 1988-இல் அவர் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அப்படிப்பட்ட இடங்கள் பலவும் தெற்கே அமைந்துவிட்டன. 2013 உலக சாம்பியன்ஷிப் நடந்தது அண்ணா சாலை ஓட்டலில், 2022 ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில். பேசின் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு நல்ல ஓபன் ஒவ்வொரு மார்கழியும் நடக்க வேண்டும் என்பது என் பல வருட ஆசை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஆட்டக் கூடத்துக்குள் பார்வையாளர்களை விட முடியாது, பெற்றோரையும் முதல் பத்து நிமிடத்துக்குப் பின் வெளியேற்றிவிடுவோம். எனவே வெளியே ஒரு பந்தல் போடுங்கள். பேச்சுச் சத்தம் உள்ளே கேட்காத தூரத்தில் இருக்க வேண்டும். அதில் பயிற்சியாளர்கள் வகுப்பில் மாட்டும் பெரிய காந்தப் பலகைகள் நான்கு. உள்ளேயிருந்து இரண்டு மாணவர்கள் முதல் மூன்று போர்டுகளின் நகர்த்தல்களைச் சீட்டில் எழுதிக் கொண்டுவந்து காயை நகர்த்திக் காட்டட்டும், பதினைந்து நிமிடம் தாமதமாக. யாரும் வெளியேயிருந்து யோசனை சொல்லி உதவக் கூடாது என்பதற்காகத்தான் இந்தத் தாமதம், பெரிய போட்டிகளிலும் இப்படிச் செய்கிறார்கள். பலகைக்குப் பக்கத்தில் நன்றாகப் பேசத் தெரிந்த ஒரு உள்ளூர்ப் பயிற்சியாளரை நிறுத்துங்கள். ஓப்பனிங்கின் (ஆட்டத்தைத் தொடங்கும் முறையின்) பெயரை அவர் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. 'வெள்ளைக் குதிரைக்குப் போக இடமில்லை, கறுப்பு அதைப் பிடிக்கப் பார்க்கிறார், வெள்ளை என்ன செய்வார்?' என்று கூட்டத்தைக் கேட்கட்டும். கேரமில் ரெட் காயைப் போட்டபின் ஃபாலோ காய் விழுமா என்று மூச்சைப் பிடித்துப் பார்க்கிற கூட்டம் நம்முடையது. அவர்களுக்கு இந்தப் பரபரப்பு அரை மணியில் பிடிபட்டுவிடும்.

ஒன்றை மறக்காதீர்கள், நான்கு பலகையில் ஒன்று கடைசி வரிசைக்கு. உங்கள் பகுதிப் பிள்ளைகளில் ஒருவரின் ஆட்டத்தை தினமும் அதில் காட்டுங்கள். தாத்தா, பாட்டி, மீன் விற்றுவிட்டு வரும் அத்தை எல்லோரும் வந்து நிற்பார்கள். அந்தப் பிள்ளை ரவுண்டு முடிந்து வெளியே வரும்போது பந்தலில் எழும் கைத்தட்டலை எந்தக் கோப்பையும் தராது.

வீட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டு வழி. முடிவுகளை செஸ்-ரிசல்ட்ஸ் தளத்தில் ஒவ்வொரு ரவுண்டும் முடிந்ததும் ஏற்றிவிடலாம். பிள்ளையின் பெயரைத் தொட்டால் யார் யாரோடு ஆடினார், எந்த நிறம், என்ன முடிவு, ரேட்டிங் எவ்வளவு ஏறும் இறங்கும் எல்லாம் ஒரே பக்கத்தில் வரும். நகர்த்தல்களைக் காட்ட விலை உயர்ந்த மின்னணுப் பலகை வேண்டும் என்று பயப்பட வேண்டாம். ஸ்கோர்ஷீட்டை நகல் தாளோடு அச்சடித்து, ரவுண்டு முடிந்ததும் முதல் இருபது ஆட்டங்களை இரண்டு கல்லூரி மாணவர்கள் லிச்செஸ் தளத்தில் தட்டச்சு செய்து ஏற்றினால் போதும், அதற்குக் கட்டணம் கிடையாது. முதல் இரண்டு ரவுண்டில் பெரிய ரேட்டிங்காரர்கள் பெரும்பாலும் ஜெயிப்பார்கள், அங்கே பார்க்க வேண்டியது அதிர்ச்சித் தோல்விகளை. தமிழ்நாட்டுக் குழந்தைகளின் ரேட்டிங் எப்போதும் அவர்களின் ஆட்டத்துக்குப் பின்னால்தான் ஓடி வரும், அதனால் அவை நிறையவே இருக்கும். ஐந்தாம் ரவுண்டுக்கு மேல் முன்னணியில் இருப்பவர்கள் ஒருவரோடொருவர் மோதத் தொடங்கும்போது மேல் போர்டுகளைப் பாருங்கள்.

கடைசி நாள் சண்டை எப்போதும் டை-பிரேக்கில், அதாவது ஒரே பாயின்ட் எடுத்தவர்களை வரிசைப்படுத்தும் கணக்கில் வரும். இருவரும் 7 பாயின்ட், ஒருவருக்கு ஐந்தாம் பரிசு, இன்னொருவருக்குப் பதினோராவது, ஏன்? பெரும்பாலும் புக்ஹோல்ட்ஸ் கணக்குதான் காரணம். அவரவர் சந்தித்த எதிராளிகள் எடுத்த பாயின்டுகளைக் கூட்டினால் வருவது அது. முதல் ரவுண்டிலேயே தோற்றுக் கீழே போய் மெல்ல ஏறி வந்தவருக்கு எதிராளிகள் எளிதாக இருந்திருப்பார்கள், கூட்டுத் தொகை குறையும். எந்த டை-பிரேக், எந்த வரிசையில் என்பதை முதல் நாளே பந்தலில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டி ஒட்டிவிடுங்கள், பரிசளிப்பு மேடையில் யாரும் குரல் உயர்த்த மாட்டார்கள்.

ரேட்டிங் கணக்கையும் பெற்றோருக்கு ஒருமுறை சொல்லிவிட்டால் நிம்மதி. 1450 உள்ள பிள்ளை 1650 உள்ளவரோடு ஆடினால் வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை என்ற கணக்கில் எதிர்பார்க்கப்படுவது 0.24 பாயின்ட். 18 வயதுக்குக் கீழே, 2300-க்குக் கீழே இருப்பவர்களுக்கு, எடுத்த பாயின்டுக்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தை 40-ஆல் பெருக்குவார்கள். டிரா செய்தாலே சுமார் 10 புள்ளி ஏறும், ஜெயித்தால் சுமார் 30, தோற்றாலும் 10-க்குள்தான் இறங்கும். பலமானவரோடு மோதப் பயப்படாதே என்பதற்கு இதைவிட நல்ல ஆறுதல் இல்லை. ரேட்டிங் இல்லாத பிள்ளைக்கு, ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது ஐந்து ஆட்டம் வேண்டும். கணக்கு 1400-ஐத் தொட்டால்தான் பட்டியலில் பெயர் வரும், 2024 மார்ச்சில் கீழெல்லையை 1000-லிருந்து அந்த அளவுக்கு உயர்த்திவிட்டார்கள். கடைசி வரிசையில் ரேட்டிங் இல்லாதவர்களே மோதிக்கொள்வதால் ஒரே போட்டியில் ஐந்து ஆட்டம் தேறாமல் போகலாம். 26 மாதங்களுக்குள் ஆடும் போட்டிகளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அந்தப் பெற்றோரிடம் சொல்லி அனுப்புங்கள்.

பரிசளிப்பு முடிந்ததும் மண்டபச் சாவியைக் கொடுப்பதற்கு முன்பே தலைமை ஆர்பிட்டர் முடிவுகள் அடங்கிய ஃபைலை அனுப்பிவிட்டாரா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். ஃபிடே பட்டியல் ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி வருகிறது. அன்று காலை உங்கள் 50 பிள்ளைகளின் பெயரையும் தேடிப் பாருங்கள். ரேட்டிங் வந்தவர்களின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, கேரம் கோப்பைகள் அடுக்கியிருக்கும் உங்கள் மன்றத்து அலமாரிக்கு மேலே ஒட்டுங்கள். மற்றவர்களுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எத்தனை மணிக்கு என்பதை அதன் கீழேயே எழுதிவிடுங்கள்.